பட்டினி கிடக்கும் அமீபாவின் சவ்வு இளகுகிறதா, அல்லது வேலூர் வெயிலா?

வெயிலூர்க்காரி
வணக்கம். எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர். ப்ராஜெக்டுக்கு டிக்டியோஸ்டீலியம் டிஸ்காய்டியம் எடுத்திருக்கிறேன், ஏஎக்ஸ்2 ரகம். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: மண்ணில் பாக்டீரியா தின்று தனித்தனியாகத் திரியும் அமீபா இது. தீனி தீர்ந்தால் சைக்ளிக் ஏஎம்பி என்ற வேதிப்பொருளைத் துடிப்புத் துடிப்பாக வெளியிட்டு ஒன்றையொன்று கூப்பிடும். ஒரு லட்சம் செல்கள் வரை கூடி, ஊர்ந்து போகிற ஓர் உடலாகி, கடைசியில் தண்டும் அதன் உச்சியில் வித்துத் திரளுமாக எழுந்து நிற்கும். எல்லாம் 24 மணி நேரத்துக்குள். தண்டாகப் போகிற ஐந்தில் ஒரு பங்கு செல்கள் செத்துவிடும்.

என் கேள்வி, இந்த நேரத்தில் செல் சவ்வின் இளக்கம் மாறுகிறதா என்பது. வளர்ப்புக் குடுவையிலிருந்து செல்களை எடுத்துக் கழுவி, பாஸ்பேட் பஃபரில் போட்டு ஷேக்கரில் விட்டேன். இரண்டு மணிக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்து, சவ்வின் கொழுப்புக்குள் புகுந்து ஒளிரும் டிபிஎச் சாயம் ஏற்றி, ஒளிர்வை அளக்கும் ஃப்ளோரிமீட்டரில் அனிசோட்ரோபி (அந்த ஒளி எவ்வளவு முனைவாக்கத்தோடு வருகிறது என்ற அளவு) பார்த்தேன். 0 மணியிலிருந்து 8 மணி வரை மதிப்பு சீராக இறங்குகிறது. அனிசோட்ரோபி குறைந்தால் சாயம் தாராளமாகச் சுழல்கிறது, அதாவது சவ்வு இளகியிருக்கிறது என்று பொருள். கைடுக்குச் சந்தோஷம். "வளர்ச்சியின்போது சவ்வு இளகுகிறது, எழுதிவிடு" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. கோடு அநியாயத்துக்கு நேராக இருக்கிறது. யாராவது இதைச் செய்து பார்த்திருக்கிறீர்களா?

பழைய லேப் ஆள்
மூன்று கேள்வி, ம்மா. செல்லைப் பட்டினி போட ஆரம்பிப்பது எத்தனை மணிக்கு? மாதிரி ஊற்றுகிற சின்னக் குப்பி, அந்தக் குவெட் வைக்கிற இடத்தில் தண்ணீர் ஓடுகிறதா? 8 மணி நேரச் செல்கள் குவெட்டுக்குள் கட்டிகட்டியாக இருக்கின்றனவா?

வெயிலூர்க்காரி
காலை 8 மணிக்குக் கழுவி ஆரம்பிப்பேன், சார். குவெட் ஹோல்டரில் தண்ணீர்க் குழாய்க்கு இடம் இருக்கிறது, ஆனால் தண்ணீரை ஒரே சூட்டில் வைத்து ஓடவிடும் சுழற்சி பாத் வேறு லேபில் மாட்டிக்கொண்டது. அதனால் அறை வெப்பநிலைதான். ஷேக்கர் மட்டும் 22 டிகிரி. கட்டி இருக்கிறது, கண்ணுக்கே தெரியும். ஆறு மணி நேரத்துக்கு அப்புறம் ரவை மாதிரி திரிந்துவிடும்.

பழைய லேப் ஆள்
அப்படியானால் நீ அளந்ததில் அமீபா கொஞ்சம், வேலூர் நிறைய.

கணக்குப் போட்டுப் பார். 0 மணி ரீடிங் காலை 8-க்கு. 6 மணி ரீடிங் மதியம் 2-க்கு. 8 மணி ரீடிங் சாயங்காலம் 4-க்கு, அந்நேரம் மேல்மாடி லேபின் சுவரைத் தொட்டால் கை சுடும். கத்திரி வெயிலில் நம் ஊர் 40 டிகிரியைத் தாண்டுகிறது. ஏசி ஓடினாலும் மெஷின் இருக்கும் அறை காலையும் மாலையும் ஒரே வெப்பத்தில் நிற்காது, கரண்ட் போனால் கேட்கவே வேண்டாம். டிபிஎச் அனிசோட்ரோபி வெப்பநிலைக்கு ரொம்ப வளைந்துகொடுக்கும். ஒரு செல்லும் வளராமல், காலையில் எடுத்த அதே குவெட்டை மாலையில் பார்த்தாலும் மதிப்பு இறங்கித்தான் இருக்கும். அமீபாவின் பட்டினி நேரமும் நம் ஊர்ச் சூரியனும் கைகோத்து நடக்கின்றன. கோடு நேராக வந்ததில் ஆச்சரியமே இல்லை.

இரண்டாவது, கட்டி. குவெட்டில் செல் அடர்த்தி அதிகமானாலோ, செல்கள் ஒட்டிக்கொண்டாலோ, சாயம் விடுகிற ஒளி வெளியே வருவதற்குள் பல இடத்தில் மோதிச் சிதறும். சிதறினால் அதன் முனைவாக்கம் கெடும். மெஷின் அதையும் "சாயம் நன்றாகச் சுழல்கிறது" என்றுதான் படிக்கும். ஆக, வெயிலும் கட்டியும் சேர்ந்தே மதிப்பைக் கீழே இழுக்கின்றன. ஒன்று மேலே தள்ளியிருந்தாலாவது சந்தேகம் முன்பே வந்திருக்கும்.

இன்னொரு விஷயம். இந்த அமீபாவுக்கு வெப்ப அதிர்ச்சி கொடுக்க வெளிநாட்டு லேபுகளில் 30 டிகிரிக்கு ஏற்றுவார்கள். நமக்கு அது மே மாதத்து நள்ளிரவு. குவெட்டை எடுத்துக்கொண்டு வராண்டாவில் நடந்தாலே உன் செல்கள் அதிர்ச்சிப் புரதம் தயாரிக்க ஆரம்பித்துவிடும்.

ஆம்பூர் ஃபேட்லிக்கர்
நான் உயிரியல் ஆள் இல்லை, டேனரியில் தோலை ஈரமாக வைத்து ரசாயனம் ஏற்றும் வெட் எண்ட் பிரிவைப் பார்ப்பவன். ஆனால் இந்த இளக்கம் என்பது எங்கள் தினப்படித் தலைவலி. தோலை மென்மையாக்க ஃபேட்லிக்கர் என்ற எண்ணெய்க் கலவை ஏற்றும்போது மீன் எண்ணெய் வகை போட்டால் குளிர் நாட்டுக்குப் போனாலும் தோல் மெத்தென்று இருக்கும். இரட்டைப் பிணைப்பு இல்லாத கெட்டிக் கொழுப்பு அதிகமாகிவிட்டால், கன்டெய்னர் குளிர்ந்ததும் தோல்மேல் வெள்ளையாகப் பூத்துவிடும். வாங்கியவன் போட்டோ அனுப்பிச் சண்டைக்கு வருவான். துடைத்தால் போகும், மறுபடி குளிர்ந்தால் மறுபடி பூக்கும். செல் சவ்விலும் இதே கொழுப்பு அமில விளையாட்டுதானா? அந்த அமீபாவின் கொழுப்பு எப்படிப்பட்டது?

வாத்தியார்
விளையாட்டு அதேதான். ஆட்டக்காரர்கள்தான் விசித்திரமானவர்கள்.

டிக்டியோஸ்டீலியத்தின் கொழுப்பு அமிலங்களை டேவிடாஃப், கார்ன் இருவரும் 1963-இலேயே ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். இரண்டு இரட்டைப் பிணைப்பு உள்ளவை நிறைய. ஆனால் அவை இருக்கும் இடம் நம் சமையல் எண்ணெயில் இருப்பதுபோல் இல்லை. 5, 9 என்றோ 5, 11 என்றோ தள்ளித் தள்ளி இருக்கும். தீனியைப் பொறுத்தும் மாறும். ஈ. கோலை தின்று வளர்ந்த அமீபாவில் அந்த பாக்டீரியாவின் சைக்ளோபுரொப்பேன் வளையக் கொழுப்பு அமிலங்களும் தென்படும். ஆகவே ஒரு வாரம் பாக்டீரியா இல்லாத எச்எல்5 ஊடகத்தில் வளர்த்ததையும், மறு வாரம் பாக்டீரியாத் தட்டில் வளர்த்ததையும் ஒரே வரைபடத்தில் போட்டால் அது தீனியின் வரைபடம்.

ஸ்டீராலும் கொலஸ்ட்ரால் அல்ல, தாவர ஸ்டீரால் வகை. தீசிஸில் பழக்கத்தில் "கொலஸ்ட்ரால்" என்று எழுதிவிட்டு வைவாவில் முழிக்கிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கொழுப்பை மாற்றிக் கொடுத்து வளர்ச்சி என்ன ஆகிறது என்று பார்ப்பதும் பழைய யோசனைதான். ஜெரால்ட் வீக்ஸ் 1976-இல் அதைச் செய்தார். எலெக்ட்ரான் ஸ்பின் ரெசொனன்ஸ் வைத்து இந்தச் சவ்வை அளந்தவர்களும் அதே காலத்தில் உண்டு. உன் கேள்விக்கு வயது அம்பதுக்குக் கிட்டே, வெயிலூர்க்காரி. அதற்காக அது செத்த கேள்வி ஆகிவிடாது.

சந்தேகி
எல்லோரும் சேர்ந்து அந்தப் பொண்ணின் ரீடிங்கைக் குப்பையில் போட்டுவிட்டீர்கள். நான் ஒன்று கேட்கிறேன். 8 மணி நேரத்தில் செல்கள் ஒன்றோடொன்று ஒட்ட ஆரம்பிக்கின்றன. நேற்று வரை ஒட்டாதது இன்று ஒட்டுகிறது என்றால் சவ்வில் ஏதோ மாறித்தானே இருக்க வேண்டும்? ரீடிங் தப்பாக இருக்கலாம், முடிவு சரியாக இருக்கக்கூடாதா?

வாத்தியார்
சவ்வில் மாறுகிறது, சரி. அது இளக்கம்தான் என்று எப்படிச் சொல்வீர்கள்?

ஒட்டுவதற்குக் காரணம் தெரிந்த விஷயம். பட்டினி தொடங்கிய பின் ஒரு மரபணு விழித்து, கான்டாக்ட் சைட் ஏ என்ற கிளைக்கோபுரதம் செல்லின் மேற்பரப்பில் வந்து உட்கார்கிறது. 1973-இல் போய்க், காட்ஸ், கெரிஷ் மூவரும் எதிர்ப்புரதத் துண்டுகளை வைத்து இதைக் காட்டினார்கள். பட்டினிக்கு முந்தைய செல்கள் லேசாக ஒட்டினாலும், கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ போட்டால் பிரிந்துவிடும். 8 மணி நேரச் செல்கள் ஈடிடிஏவுக்கு மசியாது. சவ்வின் கொழுப்பு இம்மியும் மாறாமல் இருந்தாலும் இது நடக்கும்.

ஆனால் உங்கள் பேச்சிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தப் புரதம் சவ்வை ஊடுருவி நிற்பதில்லை. ஒரு கொழுப்பு நங்கூரத்தால் வெளி அடுக்கில் மட்டும் மாட்டியிருக்கிறது. ஸ்டீரால் செறிந்த சிறு திட்டுகளில் அது கூடுகிறது என்று டொரன்டோவில் சியூவின் குழு 2001-இல் எழுதியது. ஆக, சில இடங்களில் சவ்வு இறுகலாம். மொத்தச் சவ்வில் அந்தத் திட்டுகள் எவ்வளவு? டிபிஎச் அதைப் பிரித்துச் சொல்லாது. அது மைட்டோகாண்ட்ரியாவிலும் போகும், எண்டோசோமிலும் போகும், கொழுப்புத் துளியிலும் போகும். பட்டினி கிடக்கும் செல் தன்னையே தின்ன ஆரம்பிக்கிறது, உள்ளே இருக்கும் சவ்வுகளின் விகிதமே மாறுகிறது. அத்தனையையும் கூட்டிச் சராசரி எடுத்து "செல் சவ்வு இளகியது" என்று எழுதுவதுதான் எனக்கு உறுத்துகிறது. வெயில் பிரச்சினையைத் தீர்த்தாலும் இது நிற்கும்.

பழைய லேப் ஆள்
வாத்தியார் சொன்ன திட்டு விஷயத்தில் நான் பாதிதான் ஒத்துப்போவேன். அந்தத் திட்டுகளை எப்படிப் பிரிக்கிறார்கள்? குளிர்ந்த ட்ரைட்டான் என்ற டிடர்ஜென்ட் போட்டுக் கரையாததை மிதக்கவிட்டு எடுக்கிறார்கள். 4 டிகிரியில் எந்தச் சவ்வும் இறுகும். டிடர்ஜென்டே சிதறிக் கிடந்ததை ஒன்றுசேர்த்துத் திட்டாக்கிவிடலாம். உயிருள்ள செல்லில், 22 டிகிரியில் அது அப்படியே இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

வாத்தியார்
இப்படிப்பட்ட திட்டுகளை "ராஃப்ட்", அதாவது மிதவை என்பார்கள். அந்த ஆட்சேபம் எல்லா உயிரின் ராஃப்ட் பேச்சுக்கும் பொருந்தும், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் மிதவையை மட்டும் நம்பவில்லை, ஸ்டீராலைப் பிடிக்கும் மருந்து கொடுத்தும் பார்த்தார்கள். முழுக்கத் தள்ளிவிட முடியாது.

சந்தேகி
அந்த ஒட்டும் புரதம் இல்லாத செல் என்ன ஆகும்? கூடாதா?

வாத்தியார்
அதுதான் வேடிக்கை. அகார் தட்டில் நன்றாகவே கூடுகிறது. வேறு ஒட்டும் புரதங்களும் இருக்கின்றன. மண்ணில் விட்டால்தான் திணறுகிறது. 2003-இல் குவெல்லர் குழு இரண்டையும் கலந்து மண்ணில் விட்டபோது, புரதம் உள்ளவை தங்களுக்குள் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குப் போயின, இல்லாதவை பின்தங்கின. தட்டு மட்டும் பார்த்தவனுக்கு அந்த மரபணு வெட்டிச் சுமை.

வெயிலூர்க்காரி
வெளி சவ்வை மட்டும் பார்க்க டிஎம்ஏ-டிபிஎச் வாங்கலாமா, சார்? அதில் மின்னூட்டம் இருப்பதால் உள்ளே போகாது என்று படித்தேன்.

வாத்தியார்
வேறு செல்லானால் கண்ணை மூடிக்கொண்டு சரி என்பேன். இந்த அமீபா மேற்பரப்பை ஓயாமல் உள்ளே மடக்கிக்கொண்டே இருக்கும். முழு மேற்பரப்புக்குச் சமமான சவ்வு 4 முதல் 10 நிமிடத்துக்குள் உள்ளே போய்த் திரும்புகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சாயம் போட்டு அரை மணி ஊறவைத்தால் அதுவும் சவ்வோடு சேர்ந்து உள்ளே போய்விடும். போட்ட உடனே, ஓரிரு நிமிடத்தில் படிக்க வேண்டும். குளிரவைத்து மடங்குவதை நிறுத்தலாம் என்பார்கள், அப்போது நீ அளப்பது குளிர்ந்த சவ்வை.

பழைய லேப் ஆள்
வாங்குவது அப்புறம். முதலில் கையில் இருப்பதைச் சரிபண்ணு. ராத்திரி கண்விழிக்க வேண்டாம், ஹாஸ்டலில் கேள்வி வரும். இப்படிச் செய்:

ஒரே வளர்ப்பிலிருந்து காலை 8-க்கு ஒரு பங்கைக் கழுவிப் பட்டினி போடு. 10-க்கு இன்னொரு பங்கு, 12-க்கு, 2-க்கு என்று போய்க்கொண்டே இரு. கடைசிப் பங்கை மாலை 4-க்குக் கழுவு. எல்லாவற்றையும் 4 மணிக்கு ஒன்றாகப் படி. 8, 6, 4, 2, 0 என்று எல்லா வயதுச் செல்லும் ஒரே மெஷின், ஒரே வெப்பத்தில் கிடைக்கும். படிக்கும் வரிசையையும் கலைத்துப் போடு, வயது வரிசையில் படிக்காதே. காத்திருக்கும் வளர்ப்பு மில்லிக்கு 40, 50 லட்சத்தைத் தாண்டிவிடாமல் பார்த்துக்கொள். அதற்கு மேல் போனால் குடுவையிலேயே பட்டினிக்குத் தயாராகிவிடும்.

கட்டிக்கு: ஈடிடிஏ வேலைக்காகாது, வாத்தியாரே சொல்லிவிட்டார். சிரிஞ்சு ஊசி வழியாக மெதுவாக இழுத்துவிட்டுப் பிரி. பிறகு அதே மாதிரியைப் பாதி, கால், அரைக்கால் என்று நீர்க்கவைத்துப் படி. மதிப்பு நீர்ப்போடு மாறினால் அது ஒளிச்சிதறல். மாறாமல் நின்றால்தான் சவ்வைப் பற்றிப் பேசலாம். சாயம் போடாத செல்லையும் கூடவே படித்துக் கழித்துவிடு. டிபிஎச்சைக் கரைக்கிற டிஎச்எஃப் 0.1 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, அதுவே சவ்வை இளக்கிவிடும்.

அப்புறம் அந்த பாத்தைப் போய்க் கேட்டு வாங்கு. "ஒரு நாளைக்கு மட்டும்" என்று கேள். வந்த பிறகு யார் திருப்பிக் கேட்கப் போகிறார்கள்.

ஆம்பூர் ஃபேட்லிக்கர்
எங்கள் டிரம்மிலும் இதே கதைதான். காலை ஷிப்டு தோலையும் மதிய ஷிப்டு தோலையும் ஒப்பிட்டுக் கெமிக்கலைத் திட்டுவார்கள். பார்த்தால் தண்ணீர்ச் சூடு வேறு.

வெயிலூர்க்காரி
பாத் கிடைத்தது. எல்லாப் பங்கையும் 22 டிகிரியில், மாலையில் ஒன்றாகப் படித்தேன். இறக்கத்தில் பெரும்பகுதி காணாமல் போய்விட்டது. 0, 2, 4 மணிச் செல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. 6-உம் 8-உம் மட்டும் கொஞ்சம் கீழே. ஊசியில் இழுத்து நீர்க்கவைத்ததும் அவையும் மேலே ஏறி மற்றவற்றோடு சேர்ந்துகொண்டன. 0 மணிச் செல்லை நீர்க்கவைத்தால் எதுவும் மாறவில்லை. திரும்பச் செய்தும் அதேதான்.

கைடு முகம் வாடிவிட்டது. "ஒன்றும் இல்லை என்று தீசிஸ் எழுத முடியுமா" என்கிறார்.

பழைய லேப் ஆள்
தாராளமாக எழுதலாம். பழைய வரைபடத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் போடு. எக்ஸ்டர்னலாக வருகிறவர் கொஞ்சமாவது ஃப்ளோரிமீட்டர் தொட்டவராக இருந்தால் அந்தப் பக்கத்தில்தான் நிற்பார்.

சந்தேகி
அப்போ முடிவு, சவ்வு மாறவில்லை?

வாத்தியார்
முழுச் செல்லின் டிபிஎச் சராசரி, முதல் 8 மணி நேரத்தில், 22 டிகிரியில், மாறியதாகத் தெரியவில்லை. அவ்வளவுதான் எழுத முடியும். ஊர்கிற உடலையும் வித்தையும் இதில் சேர்க்கக்கூடாது. ஊர்வதன்மேல் ஓர் உறை, வித்துக்கு செல்லுலோஸ் சுவர், சாயம் ஒரே மாதிரி நுழையாது. முன்தண்டுச் செல், முன்வித்துச் செல் என்று உள்ளேயே இரண்டு சாதி வேறு, கலந்து அளந்தால் மறுபடியும் சராசரி.

சவ்வில் நடக்கும் பெரிய காரியங்கள் சராசரியை அசைக்காமலே நடக்கும். சைக்ளிக் ஏஎம்பி வரும் திசையை நோக்கி இந்தச் செல் போகும்போது, அதைப் பிடிக்கும் ஏற்பி மேற்பரப்பு முழுக்கச் சமமாகவே பரவியிருக்கிறது. முன்பக்கம் மட்டும் கூடுவது பிஐபி3 என்ற இனோசிட்டால் கொழுப்பு. அந்த இனோசிட்டால் கொழுப்புகளும் இந்த அமீபாவில் பெரும்பாலும் ஈதர் பிணைப்புள்ளவை என்று 2014-இல் தெரியவந்தது. மொத்தக் கொழுப்பில் துளியூண்டு அது. செல்லின் முகம் எது, முதுகு எது என்று தீர்மானிப்பது அந்தத் துளி. டிபிஎச்சுக்கு அது கண்ணில் படாது.

மேலே போக ஆசை இருந்தால் லார்டன் சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார். 440, 490 நானோமீட்டர் இரண்டிலும் படம் எடுத்து விகிதம் போட்டால், ஒரே செல்லில் எந்த இடம் இறுக்கம், எந்த இடம் இளக்கம் என்று தெரியும். செல்கள் ஒட்டியிருக்கும் ஓரத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். இரண்டு சவ்வு சேர்ந்திருப்பதால் அங்கே பிரகாசம் கூடும், அதைப் பார்த்து ஏமாறாமல் விகிதத்தை மட்டும் பார்.

ஆம்பூர் ஃபேட்லிக்கர்
எனக்கு ஒரு சந்தேகம். 22 டிகிரி 22 டிகிரி என்கிறீர்களே, நம் ஊர் மண்ணில் இந்த ஜீவன் எப்படிப் பிழைக்கும்?

வாத்தியார்
உன் ஏஎக்ஸ்2, அதாவது வெயிலூர்க்காரியுடையது, வட கரோலினாக் காட்டு மண்ணில் கென்னத் ரேப்பர் பிரித்தெடுத்த என்சி4 வம்சம். 1935-இல் அவர் அந்த இனத்தை விவரித்தார். குளிர் காட்டுப் பிறவி அது, 25, 26-ஐத் தாண்டினால் வளராமல் முரண்டு பிடிக்கும். வெப்ப நாடுகளில் அதன் உறவுகள் இருக்கின்றன, டிக்டியோஸ்டீலியம் பர்ப்யூரியம் அதில் ஒன்று. பெங்களூரு ஐஐஎஸ்சியில் வித்யானந்த் நஞ்சுண்டையா குழு முதுமலைக் காட்டில் இப்படிப்பட்ட அமீபாக்களைப் பிரித்தெடுத்து வேலை செய்திருக்கிறது.

1974-இல் சினென்ஸ்கி ஈ. கோலையில் காட்டியது: வளரும் வெப்பத்துக்கு ஏற்ப பாக்டீரியா தன் கொழுப்பு அமிலத்தை மாற்றிக்கொள்ளும். அந்தந்த வெப்பத்தில் அளந்தால் இளக்கம் ஏறக்குறைய ஒன்றாகவே நிற்கும். டிஸ்காய்டியத்தின் ஊர்கிற உடல்கூட எந்த வெப்பத்தில் வளர்ந்ததோ அதை ஒட்டித்தான் சூட்டை நோக்கிப் போவதா விலகுவதா என்று முடிவு செய்கிறது. சவ்வு அதில் ஒரு கை கொடுக்கிறதா என்பது கேட்கத்தக்க கேள்வி. ஜவ்வாது மலை அமீபா ஒன்றையும் ஏஎக்ஸ்2-வையும் 20, 25 டிகிரிகளில் வளர்த்து ஒப்பிட்டால் உன் கைடு முகம் மலரும்.

வெயிலூர்க்காரி
அதற்கு மண் எடுக்க வேண்டுமே, சார். அமிர்திக் காட்டுக்குப் போய் எடுத்து வரட்டுமா? எப்படிப் பிரிப்பது?

பழைய லேப் ஆள்
முறை எளிது. கவெண்டர், ரேப்பர் 1965-இல் எழுதியதைத்தான் இன்றும் செய்கிறார்கள். இலைமக்குக்குக் கீழே இருக்கும் மேல்மண்ணைத் தண்ணீரில் கலக்கி, வைக்கோல் ஊறவைத்த சாற்றில் செய்த அகார் தட்டில், ஈ. கோலையோடு சேர்த்து ஊற்று. 22-இல் வை. மூன்று நாளிலிருந்து தினம் லென்ஸில் பார், தண்டு எழுந்து நிற்கும். பூஞ்சை மூடிவிடுவதற்குள் உச்சியை மட்டும் ஊசியில் தொட்டு எடுத்துப் புதுத் தட்டுக்கு மாற்று.

அமிர்தி வனத்துறை இடம், கேட்காமல் ஒரு பிடி மண்ணும் எடுக்காதே. அனுமதிக்கு எழுதிப் போட்டால் உன் செமஸ்டர் முடிந்துவிடும். மலையடிவாரத்தில் தெரிந்தவர்களின் மாந்தோப்பு இருந்தால் அங்கே கேள். சருகு கூட்டாமல் விட்ட மரத்தடியாகப் பார்த்து, இரண்டு மழை விழுந்த பிறகு எடு.

ஆம்பூர் ஃபேட்லிக்கர்
ஆலங்காயம் பக்கம் எங்கள் பெரியப்பா தோப்பு இருக்கிறது. சருகைக் கூட்டச் சொல்லி வீட்டில் தினம் சண்டை. இனி ஒரு காரணம் கிடைத்தது. மழை வந்ததும் தனிச் செய்தி போடு, தங்கச்சி.